சந்தாவுக்கு விதி, சன்மானத்துக்கு மனசு

பாரதி ஆசிரியப் பொறுப்பில் இருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகை 1906இல் சென்னையில் தொடங்கியது. எல்லா வாசகர்களுக்கும் ஒரே சந்தா என்று அது வைக்கவில்லை. அரசாங்கங்களுக்கு வருஷத்துக்கு 50 ரூபாய்; ராஜாக்கள், ஜமீன்தார்கள், பிரபுக்களுக்கு 30; மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15; மற்ற எல்லோருக்கும் 3. இந்தப் பட்டியலைப் பாரதியின் துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பத்திரிகைக்கும் வாசகருக்கும் நடுவே உள்ள பண உறவு, எல்லோரும் பார்க்க அச்சில் ஏறியிருக்கிறது. அதன்பின் நூறாண்டுகளில் வந்த தமிழ்ப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் தனிப்பிரதி விலை, ஆண்டுச் சந்தா, வெளிநாட்டுச் சந்தா, பணம் அனுப்பவேண்டிய முகவரி எல்லாம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். வெளியிலிருந்து கதையோ கட்டுரையோ எழுதி அனுப்புகிறவருக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்ற ஒரு வரி மட்டும் அந்தக் கட்டத்தில் அநேகமாக இருந்ததில்லை. பத்திரிகைகள் ஏழ்மையில் உழன்றதால் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் போதாது. வாசகர் கட்டும் பணத்துக்குத் தபால் இலாகாவும் சட்டமும் சேர்ந்து ஒரு ஒழுங்கைக் கொடுத்தன. மாதச் சம்பளத்தில் இருந்த பத்திரிகையாளருக்குச் சுதந்திரத்துக்குப் பின் ஒரு சட்டம் வந்தது. இரண்டுக்கும் வெளியே நின்ற எழுத்தாளரின் வரும்படி மட்டும் ஆசிரியரின் நல்ல மனசை நம்பி விடப்பட்டது. பணம் தாராளமாக வந்த காலத்திலும் அப்படியே விடப்பட்டது.

சந்தாவுக்கு முன்னோடி புத்தகப் பதிப்பில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் ஊர் ஊராகக் கையொப்பக்காரர்களைச் சேர்த்தார். புத்தகம் கைக்கு வருமுன்பே பணம் தரச் சம்மதித்தவர்கள் அவர்கள். தெரிந்தவர் தெரிந்தவரிடம் கேட்டு நடந்த ஏற்பாடு அது. முகம் தெரியாத வாசகரிடமிருந்து பணம் வரவேண்டும் என்றால் நடுவில் ஒரு நம்பகமான கை வேண்டியிருந்தது. அந்தக் கை தபால்காரருடையது. பொருளைக் கையில் கொடுக்கும்போது தபால்காரரே அதன் விலையை வசூலிக்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877இல் வந்தது. மணியார்டரைத் தபால் இலாகா 1880இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. இவ்விரண்டும் இல்லாமல் தமிழில் பத்திரிகைத் தொழில் என்று ஒன்று உருவாகியிருக்க வழியில்லை. 1898ஆம் ஆண்டின் தபால் சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. செய்தித்தாளுக்கு உரிய சலுகைக் கட்டணத்தில் ஒரு இதழை அனுப்ப, அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இதழுக்கு இதழ் 31 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது, உண்மையான சந்தாதாரர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். சந்தாதாரர் என்பவர் அரசின் ஏட்டில் இடம்பிடித்துவிட்டார். அவர் பெயர் இருக்கும் பட்டியலைக் காட்டினால்தான் பத்திரிகைக்கு மலிவான தபால். எழுதுகிறவர்களின் பட்டியலைக் கேட்ட சட்டம் எதுவும் கிடையாது.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும். சந்தா அவ்வளவு உறுதியான வரவாகவா இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க இதழ்களிலும் பாக்கிச் சந்தாவைக் கட்டச் சொல்லும் வேண்டுகோள்கள் ஓயாமல் வருகின்றன. ஆறு மாதம் படித்துவிட்டு வி.பி.பி.யைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. தபால் வழியை அரசு அடைத்தால் பத்திரிகையே படுத்துவிடும் ஆபத்தும் இருந்தது. புதுச்சேரிக்குப் போன 'இந்தியா'வுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் தடை விழுந்ததும், சந்தாதாரர்களைச் சென்றடைய வழியின்றி 1910இல் அது நின்றுபோனது. ஆனால் பாக்கி என்று ஒன்றைச் சொல்ல முடிந்ததே, ஒப்புக்கொண்ட தொகை ஒன்று இருந்ததால்தான். சந்தா கட்டாதவர் மேல் பத்திரிகைக்கு ஒரு புகார் இருந்தது, அதை அச்சிட்டு வெளியிடும் உரிமையும் இருந்தது. சன்மானம் வராத எழுத்தாளர் எதைப் பாக்கி என்று சொல்வார்? தொகை எதுவும் பேசப்பட்டிருக்கவே இல்லை.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழாததற்குக் காரணம் உண்டு. எழுதுகிறவரும் நடத்துகிறவரும் பல இடங்களில் ஒரே ஆளாக இருந்தார்கள். அ. மாதவையா உப்பு இலாகா உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகு 1924இல் 'பஞ்சாமிர்தம்' தொடங்கினார். மறு ஆண்டே அவர் காலமானார். வை.மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி'யை வாங்கித் தன் நாவல்களை அதிலேயே தொடராக வெளியிட்டு, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். தன் எழுத்துக்குத் தானே சந்தா வசூலித்த பெண் அவர். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அவர் சாதித்ததற்குக் குறைவு என்றே நினைக்கிறேன். எழுத்தின் வருமானம் எழுதியவர் கைக்கே நேராக வந்து சேர அன்றைக்கு இருந்த ஒரே உறுதியான வழி அவர் கண்டுபிடித்த வழிதான்.

இந்த நிலையை மாற்றியவர் எஸ்.எஸ். வாசன். விளம்பரத் தொழிலில் இருந்த அவர் 1928இல் 'ஆனந்த விகட'னை 200 ரூபாய்க்கு வாங்கினார். விளம்பர வருமானம், கடை விற்பனை, பரிசுப் போட்டி என்று பத்திரிகையின் வரவுக்குப் புதிய வாய்க்கால்களை வெட்டினார். கல்கி, தேவன் போன்றோர் சம்பளத்துக்கு வந்து ஆசிரியர் குழுவில் அமர்ந்தார்கள். வாரம் தவறாமல் பக்கம் நிரப்ப வெளியிலிருந்தும் கதைகள் வேண்டியிருந்தன, அவற்றுக்குப் பணமும் தரப்பட்டது. உடைமையாளர் ஒருவர், சம்பள எழுத்தாளர் ஒருவர், வெளியிலிருந்து எழுதுகிறவர் ஒருவர் என்ற மூன்று பிரிவு இந்த இடத்தில்தான் துலக்கமாகிறது. மூன்றாமவருக்கு உருவான நடைமுறை பல பத்திரிகைகளுக்கும் பொதுவாகி, மணியார்டர் காலம் முழுக்க அநேகமாக மாறாமல் நின்றது. கதையை எழுதித் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு அனுப்ப வேண்டும். பிரசுரமானால் இதழ் வந்த பிறகு, ஆசிரியர் இலாகா நிர்ணயித்த ஒரு தொகை மணியார்டரில் வரும். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தோடு கிழித்துத் தரும் அடிக்கூப்பனில், இன்ன தேதி இதழில் வெளியான இன்ன கதைக்கு என்று இரண்டு வரி இருக்கும். எழுத்தாளர் கையில் மிஞ்சும் ஒரே எழுத்துப்பூர்வமான ஆதாரம் அந்தக் கூப்பன்தான். அதுவும் பரிவர்த்தனை முடிந்த பிறகு கிடைப்பது.

பணம் கைமாறும் வரிசையைக் கவனித்தால் இதன் பொருள் விளங்கும். சந்தாதாரர் முன்பணம் கட்டிவிட்டுப் பன்னிரண்டு மாதம் இதழைப் பெறுகிறார். அந்த வகையில் அவர் பத்திரிகைக்குக் கடன் தருகிறவர். ஆயுள் சந்தா கட்டியவர் இன்னும் நீண்ட கடன் தருகிறார். ஆனால் அவருக்கு எண் உண்டு, ரசீது உண்டு, இதழ் வராவிட்டால் புகார் எழுத முகவரி உண்டு. தபால் இலாகா பிரதியைக் கையில் வாங்குமுன் கட்டணத்தை வாங்கிவிடுகிறது. எழுத்தாளரோ சரக்கை முதலில் கொடுத்துவிட்டு, ஏற்கப்பட்டதா என்று காத்திருந்து, பிரசுரம் ஆகும்வரை காத்திருந்து, பிறகு பணத்துக்கும் காத்திருக்கிறார். மூன்று காத்திருப்புக்கும் கெடு கிடையாது. அந்தக் காலம் முழுக்கக் கதையை வேறு இதழுக்கு அனுப்புவதும் நாகரிகமில்லை என்று கருதப்பட்டது. ஆக, பத்திரிகைக்கு மிக நீண்ட தவணையில், வட்டியும் ரசீதும் இல்லாமல் கடன் கொடுத்தவர் அவர்தான். இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: பிரசுரமாகாத கதைக்குப் பணம் கொடுத்துவிட்டால் பத்திரிகை நஷ்டப்படாதா? பிரசுரத்துக்குப் பிறகுதான் பணம் என்பதை ஏற்றுக்கொண்டாலும், பிரசுரமானால் இவ்வளவு, இத்தனை நாளுக்குள் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு அது தடையே இல்லை.

முன்கூட்டிச் சொல்லப் பத்திரிகைகளுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதற்கு அவற்றின் பக்கங்களே சாட்சி. குறுக்கெழுத்துப் போட்டியானாலும் சிறுகதைப் போட்டியானாலும் முதல் பரிசு எவ்வளவு, கடைசித் தேதி எது, முடிவு எந்த இதழில், எத்தனை பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, தேர்வு பெறாதவை திருப்பி அனுப்பப்படுமா என்று ஒவ்வொரு நிபந்தனையும் அச்சிலேயே இருக்கும். 'கல்கி' 1966இல் நடத்திய வெள்ளிவிழா நாவல் போட்டியில் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' பரிசு பெற்றது. போட்டிக்கு எழுதியவருக்குத் தான் எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்திருந்தது. அதே எழுத்தாளர் அதே பத்திரிகைக்குச் சாதாரண வாரம் ஒன்றில் கதை அனுப்பினால், வரப்போகும் தொகை அவருக்குத் தெரியாது. ஒரே அலுவலகத்தில், ஒரே ஆசிரியர் மேஜையில் இரண்டு ஒழுங்குகள். போட்டி வாசகர் கூட்டத்தைச் சேர்க்கும் விளம்பரம் என்பதால் அதற்கு விதிகள் பகிரங்கமாயின. வாராவாரம் வரும் கதையில் அந்தப் பகிரங்கத்தால் பத்திரிகைக்கு லாபம் எதுவும் இல்லை, அதைக் கேட்கும் பலமும் எழுத்தாளருக்கு இல்லை.

நல்ல ஆசிரியர்களும் முதலாளிகளும் இருந்தார்கள் என்பது பலமான மறுப்பு, அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. திரிபுரசுந்தரி என்ற இளம்பெண் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தபோது குடும்பத்தில் பணமுடை. வாசனை அணுகினார், 'லட்சுமி' என்ற பெயரில் விகடனில் எழுதிய கதைகளின் வருமானம் அவர் படிப்பை முடிக்க உதவியது. டாக்டரும் ஆனார், பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலாசிரியரும் ஆனார். பேனாவைக் கொண்டு ஒரு பெண் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடிந்தது என்பது தமிழ்ப் பத்திரிகை உலகம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் நாம் அதை நினைவில் வைத்திருப்பதே அது விதிவிலக்கு என்பதால்தானே? வாசன் என்ற மனிதர் அவர் கஷ்டத்தைக் கேட்டார், மனமிரங்கினார், வழி செய்தார். கஷ்டத்தைச் சொல்லத் தெரியாதவருக்கும், சென்னைக்கு வந்து பார்க்க வசதியில்லாதவருக்கும், வேறொரு முதலாளியிடம் மாட்டியவருக்கும் என்ன கிடைத்திருக்கும்? தொகை அச்சில் இருந்திருந்தால் யாரும் யார் மனசையும் தொட வேண்டியிருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகைகளின் விற்பனை பெருகியது. 1947இல் தொடங்கிய 'குமுதம்' கடைகளிலும் ரயில்வே ஸ்டேஷன்களிலும் குவிந்து விற்றது. சந்தாவைவிட ஏஜெண்டுகள் வழி விற்பனையே வெகுஜன இதழ்களின் முதுகெலும்பாயிற்று. ஏஜெண்டுக்கும் நிபந்தனைகள் உண்டு: இவ்வளவு முன்வைப்புத் தொகை, இவ்வளவு கமிஷன். இவ்வளவு பணம் புரண்ட இந்தக் காலத்தில் வெளி எழுத்தாளரின் நிலை ஒப்பந்தத்தை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன், புனிதன் என்ற மூன்று உதவி ஆசிரியர்கள் வாரா வாரம் பக்கங்களை நிரப்பினார்கள். ரங்கராஜன் ஒருவரே சூர்யா, ஹம்ஸா, கிருஷ்ணகுமார், துரைசாமி என்று ஒவ்வொரு வகை எழுத்துக்கும் ஒரு பெயர் சூட்டிக்கொண்டார். சுந்தரேசன் பாக்கியம் ராமசாமியாகி அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் தந்தார். அவர்களுடைய உழைப்பும் திறமையும் பிரமிக்க வைப்பவை. ஆனால் பத்திரிகைக் கணக்கில் இதற்கு வேறு அர்த்தமும் உண்டு. பொருளடக்கத்தில் பத்துப் பெயர் தெரிந்தாலும் சம்பளப் பட்டியலில் ஓரிருவர்தான். தேவையானால் வெளியாரை நிறுத்திவிட்டு உள்ளிருந்தே இதழை நிரப்ப முடியும் என்றிருந்த பத்திரிகையிடம், வெளி எழுத்தாளர் எதைப் பேரம் பேசுவார்?

சட்டமும் இதே கோட்டைத்தான் கிழித்தது. 1955இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வேலைநேரம், விடுப்பு, பணிக்கொடை எல்லாவற்றையும் வரையறுத்தது. ஊதியக் குழுக்கள் வரிசையாக அமைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பத்திரிகை அலுவலகங்களில் நைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதன் பாதுகாப்பு, பத்திரிகையைப் பிரதானத் தொழிலாகக் கொண்டு ஒரு நிறுவனத்தில் வேலையில் அமர்த்தப்பட்டவருக்கே. வீட்டிலிருந்து கதை எழுதி அனுப்புகிறவர் வேலையில் அமர்த்தப்பட்டவர் ஆகமாட்டார். வாசகர் தபால் சட்டத்தில் இருந்தார், ஊழியர் தொழிலாளர் சட்டத்தில் இருந்தார். வெளி எழுத்தாளரின் ஊதியத்தைப் பற்றிப் பேசும் சட்டம் இரண்டுக்கும் நடுவில் எழுதப்படவே இல்லை.

சிறுபத்திரிகைகளைக் காட்டி இந்த வாதத்தை மறுக்கலாம். 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' எழுதியவர்களுக்கு என்ன கொடுத்தது? 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்த சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' யாருக்குச் சன்மானம் அனுப்பியது? நவீனத் தமிழ் இலக்கியத்தின் சிறந்த பகுதி பணம் பேசாமல்தானே பிறந்தது? உண்மை, அதை மறுக்க எனக்கு மனமும் இல்லை. ஆனால் சிறுபத்திரிகையில் ஆசிரியரும் சேர்ந்தே இழந்தார். செல்லப்பா இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்து, சந்தாதாரர்களை நம்பி இதழ் நடத்தி, புத்தகங்களைத் தானே சுமந்துபோய் விற்றவர். பிற்காலத்தில் எழுத்து காலாண்டிதழானது. 31 நாள் விதியின்படி அப்படிப்பட்ட இதழுக்குப் பத்திரிகைத் தபால் சலுகையும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யைத் தெருத்தெருவாகக் கையில் ஏந்தி விற்றே வளர்த்தார். இத்தகைய இடங்களில் எழுத்தாளரும் ஆசிரியரும் நஷ்டத்தில் பங்காளிகள், அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சிறுபத்திரிகையின் தியாகத்தை எடுத்து, விளம்பரப் பக்கங்கள் நிறைந்த வார இதழின் மௌனத்துக்கு நியாயம் கற்பிப்பதைத்தான் ஏற்க முடியாது. இலக்கியத்துக்குப் பணம் கேட்பது அழகல்ல என்ற எண்ணம் மணிக்கொடிக்காரர்களின் வைராக்கியத்திலிருந்து வந்தது. அதன் பலனை அனுபவித்தவை பெரும்பாலும் மணிக்கொடிக்காரர்கள் எதிர்த்து நின்ற வகைப் பத்திரிகைகள்.

அந்த வைராக்கியத்துக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். கு.ப. ராஜகோபாலன் 1944இலும் புதுமைப்பித்தன் 1948இலும் இறந்தார்கள். இருவருக்கும் அப்போது வயது 42. இருவரும் எழுத்தையும் பத்திரிகையையுமே பிழைப்பாகக் கொண்டவர்கள். புதுமைப்பித்தன் பணத்துக்காக சினிமாவுக்குப் போய், 'ராஜமுக்தி' படவேலைக்காகப் பூனாவில் இருந்தபோது காசநோய் முற்றித் திரும்பியவர். இறந்த பிறகு அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டப்பட்டது. திரட்டியவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் நம் வணக்கம். ஆனால் எழுதியவர் உயிரோடு இருந்தபோது உரிமையாக வந்திருக்க வேண்டிய பணம், அவர் போன பிறகு தர்மமாக வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. பத்திரிகை புகழைத் தந்தது, புகழ் புத்தகமாகி ராயல்டி தந்தது என்பார்கள். ஆயிரம் பிரதி அச்சிட்டு, நூலக ஆணையை எதிர்பார்த்துக் காத்திருந்த தமிழ்ப் பதிப்புலகில் அந்த ராயல்டி எத்தனை வீட்டில் அடுப்பை எரித்தது?

எழுத்து சோறு போடாது என்றானபோது, வேறெதாவது சோறு போட்டவர்களே தொடர்ந்து எழுத முடிந்தது. ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி, லா.ச.ரா. வங்கியில், தி. ஜானகிராமன் ஆசிரியராகவும் பிறகு வானொலியிலும். சுஜாதா பெங்களூர் பெல் நிறுவனத்தில். மாதச் சம்பளம் தந்த அலுவலகங்கள்தான் தமிழ் இலக்கியத்துக்கு நெடுங்காலம் மானியம் கொடுத்திருக்கின்றன. கம்பாசிட்டராக வாழ்க்கையைத் தொடங்கிய விந்தனைப் போன்றவர்கள் அந்த வரிசையில் எத்தனை குறைவு என்று பாருங்கள். படிப்பும் உத்தியோகமும் எட்டாத வீடுகளிலிருந்து வந்திருக்க வேண்டிய எத்தனையோ குரல்கள் இரண்டு கதையோடு நின்றிருக்கும். சன்மானத்தின் கதை, யார் எழுத முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதன் கதையும்கூட.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்தாளருக்கு ஒரு பிடி இருந்தது, அதை யாரும் பயன்படுத்தவில்லை. சம்பளத்துக்கு எழுதுகிறவரின் எழுத்தைப் பத்திரிகையில் வெளியிடும் முதல் உரிமை உடைமையாளருக்கு. வெளியிலிருந்து எழுதுகிறவருக்கோ எழுத்து முழுவதும் அவருடையதே. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். பின்னால் வந்த திருத்தங்களின்படி, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டுமே செல்லும், கொடுக்கும் தொகையும் அதில் குறிக்கப்பட வேண்டும். ஒரு கதையை அனுப்பி வைப்பதால் ஒருமுறை அச்சிட அனுமதி தந்ததாகக் கொள்ளலாம்; தொகுப்பு, மறுபதிப்பு, மின்னிதழ் எதற்கும் அந்த அனுமதி நீளாது. இன்று செயலிகளிலும் இணையத்திலும் வரும் இதழ்களுக்குச் சந்தா கட்டினால், எப்போது புதுப்பிக்கப்படும், எப்படி ரத்து செய்வது என்பதுவரை நிபந்தனைகள் வந்து விழுகின்றன. அவற்றில் எழுதுகிறவருக்கு இன்னமும் ஒரு தொலைபேசி அழைப்பும் வங்கிக் கணக்கு எண் கேட்கும் ஒரு செய்தியும்தான் ஒப்பந்தம். சந்தா விவரம் அச்சாகும் அதே கட்டத்தில் இன்னும் மூன்று விவரம் சேர்ந்தால் போதும்: இத்தனை சொல்லுக்கு இவ்வளவு, வெளியான இத்தனை நாளுக்குள், உரிமை இன்னாருக்கு. கொடுக்க இயலாத சிறுபத்திரிகையும் இதைச் செய்யலாம். சன்மானம் இல்லை, பதிப்புரிமை எழுத்தாளருக்கே என்று அச்சிட அதற்கு ஒரு காசு செலவாகாது, எழுத அமர்கிறவருக்கும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கும்.